மாமா கொண்டு வந்த கடல்

மாமா திருச்செந்தூரிலிருந்து கேமராவில் கொண்டு வந்த கடலை அழித்தவன் நான்.

அத்தை கடலைப் பார்த்ததே இல்லை. ஐப்பசிப் புயலில் அலை பனை உயரம் எழும்புகிறது என்று கேள்விப்பட்ட மாமா, அவளுக்குக் காட்டவென்றே போய், கொட்டும் மழையில் படம் எடுத்து, காய்ச்சலோடு தென்காசி திரும்பினார். வெளியூரில் இருந்த அத்தையின் அண்ணனுக்கோ அந்தக் கேமராவைக் கண்டாலே ஆகாது.

"ஏ மாப்ளே, தீவாளிக்கு வருதேன். கடலக் காட்டணும். இல்லன்னா இந்தக் கேமராப் பெட்டிய வித்துட்டு வயலப் பாக்கணும், சரியா?"

மாமாவும் வீம்புக்குச் சரி என்றுவிட்டார்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்தபோது, கடலைப் பார்க்கும் ஆசையில் பெட்டியைத் திறந்து, அதுவரை படம் எடுத்திருந்த சுருளைப் பிரித்தேன். கடலைக் காணோம். திரும்பச் சுற்றி வைத்தேன். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொன்ன பிறகுதான் செய்த காரியம் புரிந்தது. டப்பாவுக்குள் வெளிச்சம் படாமல் இன்னும் ஒரே ஒரு படத்துக்குச் சுருள் மிச்சம் இருந்தது.

அந்த வாரம் அப்பா என்னைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். துண்டுக்குள் கேமராவை மறைத்துக்கொண்டேன். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் தேய்த்துக்கொண்ட பிறகுதான், அருவியில் வெள்ளம், குளிக்க விடமாட்டார்கள் என்று தெரிந்தது. எண்ணெய் சொட்டச் சொட்ட ஒரு கூட்டமே நின்று வேடிக்கை பார்த்தது. லென்ஸில் தெறித்த சாரலை எண்ணெய்க் கையால் துடைத்துவிட்டு, நுரையைக் குறிபார்த்து அமுக்கினேன்.

ஸ்டூடியோவில் கழுவியபோது தேறியது அந்த ஒன்றுதான். எண்ணெய்ப் பூச்சில் பாறையெல்லாம் கரைந்து, அசல் புயல்கடல்! மாமா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அத்தையிடம் நீட்டினார்.

தீபாவளியன்று அத்தைதான் படத்தைக் காட்டினாள். அண்ணன் கை நீட்டியும் கொடுக்காமல், கீழ்மூலையைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். அவ்வளவு ஆசை போலும் என்று நினைத்தேன்.

"ஏயப்பா! ஆளையே முழுங்கிரும் போலுக்கே!" என்று அவர் பின்வாங்கினார். கேமரா பிழைத்தது. தெருவில் அன்று என் வெடிச்சத்தம்தான் பெரிது.

வேலைக்குப் போனதும் முதல் வேலையாக அத்தையைத் திருச்செந்தூருக்கு அழைத்துப்போனேன். அலையில் கால் நனைத்து நின்றவளிடம் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள்.

"ஏலே, பொறந்ததுலருந்து குளிக்குதேன், குற்றாலத் தண்ணி எனக்குத் தெரியாதா? மூலையில அருவிக்கரைக் கம்பி வேற பல்லக் காட்டிக்கிட்டு நின்னுது. பெருவிரல எடுத்திருந்தேன்னா உங்க மாமா பெட்டி போயிருக்கும்லா!"