முன்வரிசைக் கதிரை

எங்கள் தமிழ்ச் சங்க விழாக்களில் முன்வரிசைக் கதிரைகளை அடுக்குபவன் நான்தான். அவற்றில் உட்காரும் பாக்கியம் மட்டும் எனக்கு வாய்த்ததில்லை. மாநகரசபை உறுப்பினர்கள் வந்து அமர்வார்கள், பொன்னாடை வாங்குவார்கள், ‘வணக்கம்’ என்ற ஒரே சொல்லுக்குக் கைதட்டும் வாங்குவார்கள். நன்றியுரை சொல்ல நான் எழும்பும்போது சனம் சாப்பாட்டு வரிசையில் நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்து வந்து, பரமட்டா நகரில் கணக்காளனாக இருந்து ஓய்வு பெற்ற இந்தக் கதிர்காமநாதனுக்கு ஒருநாள் ரோசம் வந்துவிட்டது. எனக்கும் அந்தக் கதிரை வேண்டும். மாநகரசபைத் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தேன்.

எந்த வட்டாரம் என்று யோசிக்கவே இல்லை. வென்ட்வேர்த்வில் கடைத்தெரு இருக்கும் வட்டாரம்தான். சனிக்கிழமை காலையில் போனால் யாழ்ப்பாணமே அங்கே கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும். கடைவாசலில் நின்று கைகூப்பினேன். “உங்களுக்குத்தான் அண்ணை போடுவம்” என்றார்கள் எல்லோரும். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

“ஒரு வீட்டுக் கதவையும் தட்டேல்லையேப்பா?” என்றாள் மனைவி யோகராணி.

“சனமெல்லாம் கடையில நிக்குது. பிறகேன் வீடு வீடா அலையிறது?”

துண்டுப்பிரசுரத்தை என் படமே நிறைத்திருந்தது. கீழே மிஞ்சிய இடத்தில், பஸ் தரிப்பிடத்துக்கு இருக்கை போடுவிப்பேன் என்று எழுதினேன். எந்தத் தரிப்பிடம் என்று எனக்கே தெரியாது.

தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் யோகராணி பொரித்த ரோல்ஸோடு நின்றேன். சனம் திரண்டு வந்தது. உள்ளே போன நண்பன் சிறிதரன் முழித்துக்கொண்டு வெளியே வந்தான்.

“அண்ணை, எனக்குத் தந்த தாளில உங்கட பேரைக் காணேல்லை!”

“நான் வேற கவுன்சிலாம். திருப்பி அனுப்பிப்போட்டாங்கள்” என்றார் பின்னால் வந்த சிவகௌரி அன்ரி.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் சனம் அங்கே சாமான் வாங்குகிறதே தவிர, அங்கே குடியிருப்பதில்லை. அவ்வளவு ஏன், என் வீடே அடுத்த வட்டாரத்தில். எனக்கு நானே வாக்குப் போட முடியவில்லை. ரோல்ஸ் தீர்ந்தது. நான் கடைசியாக வந்தேன்.

இதை நானே எல்லோருக்கும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தேன். பிறகு ஒருநாள் கடைத்தெருவுக்குப் பின்னால் காரை நிறுத்தியபோது, பஸ் தரிப்பிடத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு தமிழ்நாட்டு அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“சார், நீங்கதானே எலெக்‌ஷன்ல நின்னீங்க? நான் விஜயா, இந்தத் தெருதான். கடையில கிடந்த உங்க நோட்டீஸ்ல, பஸ் ஸ்டாப்புல உக்கார சீட்டு போடுறதா எழுதியிருந்தீங்களே, அதைப் பார்த்துதான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன். முட்டி வலி, நிக்க முடியலை. எப்ப சார் போடுவாங்க?”

தோற்றது அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது. இத்தனை பேரைக் கும்பிட்ட நான் இவரைக் கும்பிடவில்லை. ஆனால் நான் எழுதியதை நம்பியவர் இவர்தான்.

“நான் தோத்துப்போனன் அம்மா” என்றேன்.

“ஐயோ, அப்படியா?” என்றார். அவர் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

காருக்குள் பின்பக்கத்தில் சங்கத்துப் பிளாஸ்டிக் கதிரை ஒன்று கிடந்தது. எடுத்து வைத்தேன். அவர் உட்கார்ந்தார். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன். பிறகு கதிரையைக் கம்பத்தோடு கட்டிவிட்டு வந்து, மாநகரசபைக்கும் எழுதிப்போட்டேன்.

அடுத்த விழாவில் முன்வரிசையில் ஒரு கதிரை குறைந்தது. எங்கே போனதென்று கேட்டார்கள். நன்றியுரையில் சொல்கிறேன் என்றேன். சொன்னேன். சனம் சாப்பாட்டு வரிசையில் நின்றது.