அக்கா வெட்டச் சொல்லாத கொடிகள்

மழை விட்டதும் கொச்சங்காடிக் கிடங்குகளிலிருந்து சுக்கு வாடை கிளம்பி எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வரும். அது மூக்கில் பட்டாலே, ஸ்ட்ராபெரித் தொட்டியின் முன் குந்தியிருக்கும் அக்காவின் முதுகு தெரிகிறது. கூடவே என்மேல் எனக்கே எரிச்சலும் வருகிறது.

கம்பத்தில் பிறந்து, கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்தவர் அக்கா. கிடங்கில் வேலை பார்த்த அத்தான் சீக்கிரமே போய்விட, தோசைமாவு அரைத்து விற்று இரண்டு பெண்களையும் படிக்க வைத்தார். என்னையும் இங்கே அழைத்து வேலை தேடித் தந்தார். யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. மூணாறில் ஒரு தோட்டக்காரரிடம் ஸ்ட்ராபெரிச் செடி கேட்டதைத் தவிர.

இந்தப் புழுக்கத்தில் அது காய்க்குமா? சுண்டைக்காய் அளவில் இரண்டு பழம், அவ்வளவுதான். கொடிகளைத்தான் திசைக்கொன்றாக ஓடவிட்டது. கொடி நுனியில் முளைக்கும் கன்றைப் பக்கத்துத் தொட்டி மண்ணில் படியவைத்து, கொண்டை ஊசி குத்தி நிறுத்துவார் அக்கா. இலையைப் பிடித்து லேசாக இழுத்தால் கன்று வர மறுக்க வேண்டும். அதுவரை கொடியை வெட்டக்கூடாது. இன்று அக்காவை நினைவுகூர வந்திருக்கும் உங்களில் பலர் அப்படி வளர்ந்த கன்றை வாங்கிப் போனீர்கள். எல்லோரையும் கேட்டுவிட்டேன். ஒருவர் வீட்டிலும் இப்போது இல்லை.

அக்கா நோயில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் கன்றுகளைப் பற்றியே பேசினார். அவரைக் கவனித்த நர்ஸ், "எனிக்கும் ஒண்ணு தருமோ, சேச்சி?" என்றார்.

"வேர் பிடிக்கட்டும் சிஸ்டர், கட்டாயம் தர்றேன்."

வேர் பிடிக்கும்வரை காத்திருக்க எனக்குப் பொறுக்கவில்லை. அன்றே மாடியேறி ஏழு கொடிகளையும் வெட்டினேன்; ஏழில் ஒன்றாவது பிழைக்காதா என்ற கணக்கு. மூன்றாம் நாள் ஏழும் துவண்டு கிடந்தன. அந்த வார மழையில் தாய்ச்செடியும் அழுகியது.

அக்காவைத் தூக்க, துடைக்க, ஊட்ட உதவிய அக்கம்பக்கத்தார்க்கும், சுள்ளிக்கல் உறவினர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த நர்ஸுக்கு மட்டும் வெறுங்கையோடு நன்றி சொல்லக் கூசுகிறது. ஒரு விடியலில் அக்கா அவர்கள் எங்களைப் பிரிந்தார். முந்தின நாள் மாலை கேட்டார்:

"வேர் பிடிச்சிருச்சாடா?"

"பிடிச்சிருச்சுக்கா."

"இழுத்துப் பாத்தியா?"

"பாத்தேன். வரமாட்டேங்குது."

"அடேயப்பா, அவசரக்குடுக்கைக்கும் பொறுமை வந்திருச்சே! நாளைக்கு வரும்போது ஒண்ணு கொண்டு வாடா. சிஸ்டருக்கு நானே என் கையால குடுக்கணும்."