பஞ்சு மெத்தையில் புதைந்த தோள்கள்

இன்று காலை பல்லடம் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, பதினொண்ணாவது படிக்கறப்ப என்கூடக் குஸ்தி போட்டவருதானுங்களே?"

எனக்கும் ஆள் பிடிபட்டுவிட்டது. எழுபதுகளில், பள்ளிகளுக்கிடையேயான இறுதிப் போட்டியில் நான் மல்லாக்கச் சாய்த்தவர்.

பனியன் கம்பெனிக் கழிவுப் பஞ்சை அடைத்துத் தைத்த மெத்தை அது. இரண்டு தோளும் மெத்தையில் பட்டால்தான் சாய்த்தது செல்லும்; அவர் தோள்களோ அதற்குள் புதைந்துவிட்டன. இரண்டும் கீழே பட்டதா என்று தெரியவில்லை என நடுவர் கையை விரித்தார். பிறகு புள்ளி பார்த்து அவரையே ஜெயிக்க வைத்தார்.

அந்தச் சான்றிதழால் அவருக்கு அரசாங்க வேலை. எனக்கு நாற்பது வருடம் பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மேசை. நான் ஜெயித்தேன் என்றால் என் அப்பாகூட நம்பவில்லை.

"அன்னைக்கு ரெண்டு தோளும் பட்டுச்சுங்க" என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே?"

"ரெஃப்ரி என்னையக் கேக்கவே இல்லீங்களே."

அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்.

அப்பா இல்லை. நடுவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நண்பர்களே, இந்த அப்பீலை எங்கே கொடுப்பது? மேலே போய்க் கொடுங்கள் என்று மட்டும் கமெண்டில் எழுதாதீர்கள். அங்கேயும் இப்போது அதே நடுவர்தான் இருப்பார்.