ஈபிடிப்பானின் இரண்டு கால்கள்

ஒருவர் தவறாக ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். சரி எது என்று நமக்குத் தெரியும். ஆனால் நம்மை யாரும் கேட்கவில்லை. அப்போது வாயை மூடிக்கொண்டிருப்பதும் பொய்தானா? மூன்றாம் வகுப்புக் காலாண்டு விடுமுறையில் இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது சிட்டுக்குருவியைவிடச் சிறிய ஒரு பறவை.

அடையாற்றங்கரையில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு காலியிடம் இருந்தது. சீமைக்கருவேலம், சில பூவரசுகள், நடுவில் பெரிய தூங்குமூஞ்சி மரம். வீட்டில் அதை ‘மாமாவின் ஆபீஸ்’ என்பார்கள். மாமா என் அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். பெசன்ட் நகரிலும் திருவான்மியூரிலும் வீடு வீடாகப் பார்சல் கொடுப்பது அவர் வேலை. அப்படிப் போன ஒரு வீட்டில், பார்வை மங்கிப்போன பெரியவர் ஒருவர் தம்முடைய பழைய பைனாகுலரையும் பறவைப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தையும் அவரிடம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து வேலைக்குக் கிளம்புமுன் ஒரு மணி நேரம் மாமா அந்தக் காலியிடத்தில் நிற்பது வழக்கமாயிற்று.

“இன்னா நைனா, யார் வூட்டு ஜன்னல பாத்துக்கினு கீற?” என்று மாடியிலிருந்து பக்கத்து வீட்டு அக்கா கத்துவார்.

“உன் வூட்டு ஜன்னல்ல பாக்கறதுக்கு இன்னா கீது? உன் புருசன் லுங்கிதான் தொங்குது” என்பார் மாமா, கண்ணை எடுக்காமல்.

தென்சென்னையில் பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றிலும் அவர் இருந்தார். மற்றவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். மாமா மட்டும் குரலில் பேசி அனுப்பினார். பெரும்பாலும் பதில் வராது. ஒரு முறை பெட்டைக் குயில் ஒன்றை அரிய வகைப் பருந்து என்று அறிவித்துவிட்டார். அதன்பின் அவர் எதைச் சொன்னாலும், “குயிலா இருக்கப் போகுது, பாருங்க” என்று யாராவது எழுதுவார்கள். மாமா அதைச் சிரித்துக்கொண்டேதான் அம்மாவிடம் சொன்னார். ஆனால் இரண்டு முறை சொன்னார்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை, தூங்குமூஞ்சி மரத்தில் அந்தப் பறவை இருந்தது. பழுப்பு உடல், பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். கிளையிலிருந்து பாய்ந்து பூச்சியைப் பிடித்துவிட்டு அதே கிளைக்குத் திரும்பியது. வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் பழுப்பு ஈபிடிப்பான் எங்கள் பக்கத்தில் அதிசயம் அல்ல. ஆனால் ஏறக்குறைய அதே உருவத்தில் இன்னொன்று உண்டு. பழுப்பு மார்பு ஈபிடிப்பான். கேரளத்துக்கும் இலங்கைக்கும் போகிற வழியில் அது சென்னையில் சில நாட்கள் தங்கினால் உண்டு. இரண்டையும் பிரித்தறியக் காலைப் பார்க்க வேண்டும். சாதாரணமானதற்குக் கறுத்த கால், அபூர்வமானதற்கு வெளிறிய கால்.

“காலு வெளுப்பா கீதுடி!” மாமா பைனாகுலரை என் கையில் திணித்தார். “நீ பாரு, நீ பாரு.”

பைனாகுலர் என் முகத்துக்குப் பெரிது. ஒரு கண்ணால்தான் பார்த்தேன். பறவை ஒற்றைக் காலில் நின்றிருந்தது. மற்றக் கால் வயிற்று இறகுக்குள். நின்ற கால் வெளிறிய ஆரஞ்சு நிறம். மாமா அதற்குள் திரும்பி நின்று கைப்பேசியில் பேசத் தொடங்கிவிட்டார். அந்தச் சமயத்தில் பறவை காலை மாற்றியது. இறங்கிய கால் கறுப்பு. மேலே போன காலின் கணுவிலிருந்து மயிரிழைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஆரஞ்சு எனக்குத் தெரிந்த நிறம். பத்து நாட்களுக்கு முன், ஏழாம் வகுப்பு படித்த அண்ணனும் நானும் பட்டத்துக்கு மாஞ்சா போட்டிருந்தோம். உடைந்த டியூப்லைட்டைப் பொடித்து, வஜ்ரப் பசையோடு காய்ச்சி, நூலில் பூசினோம். கலர் பொடி கிடைக்காததால் அம்மாவின் கேசரிப் பவுடரைக் கொட்டினோம். மற்றப் பிள்ளைகளின் நூல் ரோஸ் அல்லது பச்சை. ஆரஞ்சு நூல் எங்களிடம் மட்டும்தான். பட்டம் அறுந்தபோது அந்த நூல் இந்த மரத்தில்தான் சிக்கியது. பிறகு பெய்த மழையில் வெளுத்திருந்தது. அதுதான் இப்போது பறவையின் காலைச் சுற்றியிருந்தது.

மாஞ்சாவுக்குத் தடை இருந்தது. போலீஸ் வந்து பக்கத்துத் தெருவில் பட்டங்களைப் பறித்துக்கொண்டு போயிருந்தது. அண்ணன் என்னிடம் முன்பே சொல்லிவைத்திருந்தான்: “வாயத் தொறந்த, நீயும் மாட்டுவ. கண்ணாடிய இடிச்சது யாரு? நீதானே?” இடித்தது நான்தான்.

ஆனால் நான் மாமாவிடம் சொல்லாததற்கு அண்ணன் மட்டும் காரணம் இல்லை. மாமாவின் முகத்தை அவ்வளவு மகிழ்ச்சியாக நான் பார்த்ததில்லை. குழுவில் எதையும் உறுதிசெய்பவர் ஓய்வுபெற்ற கல்லூரி ஆசிரியை ஒருவர். அவரே மாமாவை அழைத்தார். ஒலிபெருக்கியில் அவர் குரல் கேட்டது.

“கால நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தேன் மேடம். எங்க அக்கா பொண்ணுகூடப் பாத்தா.”

“சரி, ஞாயித்துக்கிழமை காலைல வர்றோம்.”

யாரும் கேட்காமலே நான் சாட்சி ஆகிவிட்டேன். அன்று மாலை அண்ணனிடம் சொன்னேன். “பேசாம இரு. குருவிக்கு இன்னா தெரியும்? ஞாயித்துக்கிழமக்குள்ள அது பறந்து பூடும்” என்றான். அப்படி ஆகிவிட்டால் மாமாவின் பறவை மாமாவிடமே இருக்கும், எங்கள் நூலின் ரகசியமும் எங்களிடமே இருக்கும் என்று எனக்குப் பட்டது. சனிக்கிழமை மாமா வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். ஆறு பேருக்கு டீ போட வேண்டும் என்று அம்மாவிடம் மூன்று தடவை நினைவூட்டினார்.

ஞாயிறு காலை குழுவினர் ஆறு பேரும் வந்தார்கள். பறவையைத் தேட வேண்டியிருக்கவில்லை. தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில் தலைகீழாகத் தொங்கி, சிறகடித்துக்கொண்டிருந்தது. காலில் சுற்றியிருந்த நூலின் முனை சுள்ளியில் மாட்டியிருந்தது. மாமா செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். பார்சல் கிழிக்கும் பிளேடு எப்போதும் அவர் பையில் இருக்கும். அதைக் கொண்டு நூலை அறுத்து, பறவையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு இறங்கினார். மேடம் அதைக் கைக்குட்டையால் பொதிந்து, நகத்தால் நூலைச் சுற்றுச் சுற்றாக எடுத்தார். உள்ளே ரத்தம். ரத்தத்தைத் துடைத்ததும் கறுத்த கால்.

பெரிய கேமரா வைத்திருந்த இளைஞர், “சாதாப் பழுப்புதான்” என்றார். குயிலைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை.

“ஆமா மேடம்,” என்றார் மாமா. சட்டை முழுக்க மரத்தின் அழுக்கு. “ஒரு காலதான் பாத்தேன். தப்பாச் சொல்லிட்டேன்.”

“அது எங்க நூலு மாமா” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாமா மட்டும் பறவையைப் பார்த்தார்.

“எப்போ தெரியும் உனக்கு?”

“வெள்ளிக்கிழமையே.”

“ரெண்டு நாளு,” என்றார் அவர். “ரெண்டு நாளா இத்தக் கட்டிக்கினேதான் சுத்திகீது.”

மேடம் கையைத் திறந்தார். பறவை பூவரசுக்குப் போய் உட்கார்ந்தது. ஒரு கால் சரியாகப் பற்றவில்லை. மறுநாள் அது அங்கே இல்லை. பிழைத்ததா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அன்று எல்லோரும் எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுத்தான் போனார்கள். டம்ளர்களை மாமாவே எடுத்துக்கொடுத்தார்.

அம்மாவிடம் அண்ணனுக்கு அடி விழுந்தது. எனக்கும் பங்கு கிடைத்தது. மீதி நூலை அம்மா அடுப்பில் போட்டார். அந்த வாரம் முழுவதும் மாமா பைனாகுலருக்குப் பதில் ஒரு நீண்ட மூங்கில் கழியோடு ‘ஆபீஸ்’ போனார். அண்ணன் மரத்தைக் காட்ட, மாமா நூலை இழுத்து எடுத்தார்.

பள்ளி திறந்த அன்று நடந்ததுதான் எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. அதுவரை மாமாவின் வண்டியில் பெட்ரோல் டேங்க்மேல் உட்கார்ந்துதான் பள்ளிக்குப் போவேன். அடையாறு பாலத்தின் காற்று முதலில் என் முகத்தில்தான் அடிக்கும். அது என் உரிமை என்று நினைத்திருந்தேன். அன்று ஏறப் போனவளைத் தூக்கிப் பின் இருக்கையில் வைத்தார்.

“இனிமே பின்னாடிதான். என் முதுகுல மூஞ்ச வெச்சிக்க.”

பறவையை நூலோடு தவிக்க விட்டதற்கும் அவரை ஏமாற்றியதற்கும் தண்டனை இது என்று எண்ணினேன். பள்ளிவரை அழுதேன். அவர் சாலையைப் பார்த்து மெதுவாக ஓட்டிக்கொண்டு போனார். சாலையின் குறுக்கே தொங்கும் மாஞ்சா ஓட்டுபவர் கண்ணுக்குத் தெரியாது என்பதையும், வண்டியில் முன்னால் உட்காரும் பிள்ளையின் கழுத்தைத்தான் அது முதலில் எட்டும் என்பதையும் அந்த வயதில் எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பாலத்தின் இருபுறமும் பட்டம் விடும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் நாங்களும் இருந்தோம்.

அதற்குப் பிறகு நான் வண்டியில் முன்னால் உட்காரவில்லை. மாமா கழுத்தில் தடித்த துண்டு ஒன்றைச் சுற்றிக்கொண்டு, எனக்கு முன்னால் உட்கார்ந்து ஓட்டினார்.