கரண்ட் வைத்த இடத்தில் உப்பு ஒத்தடம்

மூன்றாவது வரை படித்து, மரக்காணத்தில் கூலிக்கு உப்பு வாரி, சொந்த உப்பளம் வாங்கியவன் நான். எனக்குத் தெரியாத வைத்தியமில்லை என்றிருந்தேன்.

என் மனைவிக்கு மார்பில் புற்றுநோய்க் கட்டியை அறுத்தபின், சென்னையில் ஞாயிறு தவிர தினமும் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவளுக்குத் தோல் கருகி எரிந்தது. உப்பளத்து வழக்கப்படி சூடாக உப்பு ஒத்தடம் கொடுத்தேன்.

"வேணாங்க, உயிர் போவுது!"

"சும்மா இரு, எனக்குத் தெரியும்."

தோல் உரிந்து புண்ணானது.

"என்ன பெரியவரே இப்படிப் பண்ணிட்டீங்க!" என்றார் டாக்டர். "கண்ணுக்குத் தெரியாத புற்று அணு மிச்சமிருக்கும். தினம் கொஞ்சமா கரண்ட் வச்சா நல்ல அணு தேறிக்கும், புற்று அணு தேறாது. இப்ப புண்ணு ஆறுற வரைக்கும் நிறுத்தணும். அதுக்குள்ள அது வளர்ந்துடுமே!"

புண் ஆறும்வரை ஒவ்வொரு நாளும் நான் செத்தேன். மறுபடி கரண்ட் ஆரம்பித்திருக்கிறார்கள். பிழைப்பாளா என்று கேட்டால், "முதல்ல கரண்ட் முடியட்டும்" என்கிறார் டாக்டர். இப்போது அவள்மேல் ஈரத்துணி வைக்கக்கூட நர்ஸம்மாவைக் கேட்டுத்தான் வைக்கிறேன்.