மூன்றாம் நாள் உயிரோடிருந்த புழுக்கள்

தளவாய் முப்பத்திரண்டு வருஷம் போலீஸில் இருந்து, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். பஸ் ஸ்டாண்டின் ஒரு முனையில் அவர் குரல் கேட்டால் மறுமுனையில் ஆட்டோக்கள் வரிசைக்கு வந்துவிடும் என்பார்கள். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றாரே தவிர, அந்தக் குரல் ஓய்வு பெறவில்லை. திருவேங்கடத்துக்குப் பக்கத்தில் அவருக்கு நான்கு ஏக்கர் கரிசல் இருந்தது. அதில் மக்காச்சோளம் போட்டிருந்தார்.

போன ஐப்பசியில், பயிருக்கு இருபது நாள் ஆனபோது படைப்புழு விழுந்தது. இலையெல்லாம் சல்லடை, குருத்தைப் பிரித்தால் மரத்தூள் மாதிரி எச்சம். வேளாண்மை அலுவலர் வேல்விழி வந்து பார்த்தார். "புழு சின்னதாத்தான் சார் இருக்கு. இப்பவே வேப்பங்கொட்டைக் கரைசல் அடிச்சிருங்க" என்று சொல்லி, இலஞ்சியில் தூள் விற்கும் ஹாஜரா பீவியின் நம்பரைத் தந்தார்.

ஹாஜரா பீவி கணவனை இழந்தவர். ஆனி ஆடியில் வேப்பங்கொட்டை பொறுக்க வைத்து, நிழலில் காயப்போட்டு, பருப்பை இடித்து பாக்கெட் போட்டு விற்பதுதான் அவர் பிழைப்பு. தளவாய் போனபோது அவர் நிதானமாகவே சொல்லித் தந்தார்.

"ராத்திரி ஊற வச்சு, துணியில வடிகட்டி, கொஞ்சம் சோப்பு கரைச்சு அடிங்க அண்ணாச்சி. வெயில்ல அடிச்சா வீரியம் போயிரும், சாயங்காலமா குருத்துக்குள்ள விழுத மாதிரி அடிக்கணும். ஒண்ணு மட்டும் மறந்துராதீய. புழு உடனே சாவாது. மொதல்ல தின்னுறத நிறுத்தும். பொறவு தோலு உரிக்க முடியாம, ஒரு வாரம் பத்து நாளுல தானா செத்துப்போவும்."

தளவாய் அப்போது யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அடித்த மூன்றாம் நாள் குருத்தைப் பிரித்துப் பார்த்தார். புழுக்கள் நெளிந்தன. அவருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஆறு புழுக்களைப் பிடித்து ஒரு ஜாம் பாட்டிலில் போட்டு, தின்னட்டும் என்று அதே செடியின் இலையையும் போட்டு மூடினார். மறுநாள் தென்காசியில் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே ஒரு மேஜையில் பாக்கெட்டுகளை அடுக்கிக்கொண்டு ஹாஜரா பீவியும் உட்கார்ந்திருந்தார்.

தளவாய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தார். "எம்மா, இது பூச்சி மருந்தா, புழுவுக்குத் தீவனமா? உன் தூளத் தின்னு கொழுத்துல்லா நிக்கு!"

கூட்டம் சிரித்தது.

"சார், ஒரு வாரம் பொறுத்துப் பாருங்களேன்" என்றார் வேல்விழி.

"பயிரு போன பொறவு பொறுத்து என்ன செய்ய? ஊரை ஏமாத்துத பொம்பளைய இங்கன கூட்டி வந்து உக்கார வச்சிருக்கீய!"

ஹாஜரா பீவி எழுந்தார். பாக்கெட்டுகளை எடுத்துப் பையில் திணித்தார். அவசரத்தில் ஒன்று கிழிந்து தூள் தரையில் கொட்டியது. அத்தனை பேர் முன்னாலும் குனிந்து, அதைக் கையால் கூட்டி அள்ளினார். தளவாய் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார். ஒரு கேஸை முடித்த திருப்தி அவருக்கு.

திரும்பும் வழியிலேயே, சிவப்பு முக்கோணம் போட்ட விஷ மருந்து ஒன்றை வாங்கினார். ஆனால் அன்று சாயங்காலம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை. நான்காம் நாள் வானம் வெளுத்ததும் ஸ்பிரேயரைத் தோளில் மாட்டி, மருந்து பாட்டிலோடு வயலுக்குள் இறங்கினார்.

புதிதாக விரிந்திருந்த இலைகளில் ஓட்டையே இல்லை. குருத்தைப் பிரித்தார். சுருங்கிக் கறுத்த புழு. பாதி உரிந்த பழைய தோல் தலையோடு ஒட்டிக்கிடந்தது. அடுத்த செடியிலும் அப்படித்தான். மழைத் தண்ணீரில் அழுகியிருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் போய், கூட்டத்திலிருந்து வந்து அங்கே வைத்திருந்த ஜாம் பாட்டிலை எடுத்தார். அதற்குள் ஒரு சொட்டு மழை போயிருக்க வழியில்லை. ஆறும் அதே மாதிரி செத்துக் கிடந்தன. போட்ட இலை கடிபடாமல் வாடியிருந்தது. தலையை மட்டும் ஆட்டிக் கேட்ட வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காதுக்குள் வந்தன. அவருக்கு முகம் காந்தியது.

வயலுக்குத் திரும்பியபோது பக்கத்து வயல் மாடக்கண்ணு வரப்பிலிருந்து கூப்பிட்டான். "அண்ணாச்சி, உங்க பயிரு தெளிஞ்சிட்டே! என்ன மருந்து அடிச்சீய?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் நாலு நாளைக்கு முன் தென்காசியில் கத்தியது என்னாவது? கூட்டத்தில் சிரித்தவர்களில் மாடக்கண்ணுவும் ஒருவன். தளவாய் கையிலிருந்த விஷ பாட்டிலைத் தூக்கிக் காட்டினார்.

"இதுதாம்லே."

மாடக்கண்ணு அதையே வாங்கி, மறுநாள் உச்சிவெயிலில், முகத்தில் துணிகூடக் கட்டாமல் எதிர்காற்றில் அடித்தான். வாந்தியெடுத்து வரப்பிலேயே விழுந்தவனைத் தென்காசி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். பிழைத்துக்கொண்டான். ஆனால் ஐந்து நாள் படுக்கை. சாத்துக்குடி வாங்கிக்கொண்டு தளவாய் பார்க்கப் போனார். மாடக்கண்ணுவின் மனைவி மூக்கம்மாள் கண்ணைத் துடைத்தபடி, "நீங்க வந்ததே பெரிய தெம்பு அண்ணாச்சி" என்றாள். அவரால் அங்கே இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

மோட்டார் ரூமைக் கூட்டப் போன அவர் மனைவி வள்ளித்தாய், ஒருநாள் அந்த விஷ பாட்டிலோடு வந்தாள். "சீலே உடைக்கலியே. அப்ப என்னத்த அடிச்சீய?"

எத்தனையோ பேரை எதிரே உட்கார வைத்து உண்மையைக் கறந்தவர், மனைவியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாட்டிலைத் தரையில் வைத்தாள். "அந்தம்மாவப் போயிப் பாருங்க" என்றாள்.

இலஞ்சியில் வீடு பூட்டியிருந்தது. அந்தக் கூட்டத்துக்குப் பிறகு தூள் வாங்க ஆளே வரவில்லை, குற்றாலத்தில் சிப்ஸ் கடையில் வேலைக்குப் போகிறார் என்றார்கள் அக்கம்பக்கத்தில். கார்த்திகை மாசம், குற்றாலம் முழுக்க ஐயப்ப சாமிமார்கள். எண்ணெய்ப் புகைக்கு நடுவில் நின்று ஹாஜரா பீவி நேந்திரம் சிப்ஸை எடை போட்டுக்கொண்டிருந்தார். கூட்டம் குறையும்வரை தளவாய் எதிரே காத்து நின்றார். பிறகு பக்கத்தில் போய், புழுக்கள் செத்ததையும் தான் மறைத்ததையும் மாடக்கண்ணு விழுந்ததையும் சொன்னார்.

"தப்பு எம்மேலதாம்மா. மன்னிச்சிரு."

ஹாஜரா பீவி கையைத் துடைத்துக்கொண்டார். "விழுந்து பொழைச்சாரே, அவருகிட்ட சொல்லியாச்சா?"

"இல்ல."

"எங்கிட்ட சொல்லிட்டு நீங்க பஸ் ஏறிருவீய. அவரு மூஞ்சியில தினமும்லா முழிக்கணும்? அதான் மொதல்ல இங்கன வந்திருக்கீய." அவர் குரல் உயரவேயில்லை. "அங்கன போங்க அண்ணாச்சி. எனக்கு ஆளு நிக்கு."

திரும்பி வந்த பஸ்ஸில் தளவாய் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். ஹாஜரா பீவி சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை.

அன்று பொழுது சாயும் நேரம் மாடக்கண்ணு வீட்டு வாசலில் நின்றே சொன்னார். மாடக்கண்ணு இன்னும் மெலிந்துதான் இருந்தான்.

"அப்ப, அந்த பாட்டில நீங்க தொறக்கவே இல்லியா?"

"இல்லலே."

"எதுக்கு அண்ணாச்சி அப்படிச் சொன்னீய?"

"வெக்கமா இருந்துச்சு."

மூக்கம்மாள் உள்ளேயிருந்து வந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். புருஷனின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். கதவு சாத்தப்பட்டது.

மார்கழி மாசக் குறைதீர்க்கும் கூட்டத்தில் தளவாய் மைக்கை வாங்கி, நடந்தது எல்லாவற்றையும் சொன்னார். பின்வரிசைக்காரர்கள் "சத்தமாப் பேசுங்கய்யா" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. அன்று யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அது சிரிப்பைவிடக் கஷ்டமாக இருந்தது.

இந்த ஆனியில் ஹாஜரா பீவி திரும்பவும் வேப்பங்கொட்டை காயப்போட்டிருக்கிறார் என்று வேல்விழி சொன்னார். திருவேங்கடம் பக்கமிருந்து நாலைந்து பேர் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்களாம், மாடக்கண்ணு உட்பட. தளவாயும் போன் செய்தார். "பஸ்ஸுல போட்டு விடுதேன்" என்று மட்டும் சொல்லி ஹாஜரா பீவி போனை வைத்துவிட்டார். மாடக்கண்ணு இப்போதும் வரப்பில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழி விடுகிறான். அண்ணாச்சி என்று கூப்பிடுவதில்லை.