கதியாலைப் பிடித்த கை

செவனம்மாவைப் பற்றிச் சொல்வதென்றால் அவள் நட்ட தேயிலைக் கன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். மூன்று முறை நட்டாள், மூன்று முறையும் செத்தது. கடற்கரை மணலில் தேயிலை வளருமா? பசறைப் பக்கத்து மலையில் பிறந்தவளுக்கு அது தெரியவில்லை. பால்மாத் தகர ரின்னில் கன்றைச் சுமந்துகொண்டு பஸ்ஸில் வந்து இறங்கியவளைப் பார்த்து ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். இல்லையென்று பொய் சொல்ல மாட்டேன்.

என் பெயர் சின்னத்தங்கம். ஆரையம்பதிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாகக் கிடக்கிற ஊர் எங்களுடையது. வாவி மீனை வாங்கிக் காத்தான்குடியில் வீடு வீடாக விற்பது என் தொழில். என் வாயைப் பற்றி ஊருக்கே தெரியும்.

செவனம்மாவைக் கட்டிக்கொண்டு வந்தவன் இராசதுரை. கருவாட்டு மூட்டையோடு மலையில் தேயிலைத் தோட்டந் தோட்டமாகப் போய் விற்றவன், ஒருநாள் கருவாட்டை அங்கே கொடுத்துவிட்டு இவளைக் கூட்டி வந்தான். கூட்டி வந்தவனுக்கு இருக்க இடமில்லை. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான் சீதனமாகப் போகும். ஆம்பிளை பெண்சாதியின் வீட்டுக்குப் போவான். இராசதுரையின் தாய்வீடு அவன் தங்கைக்குப் போய்விட்டது. பெண்சாதிக்கோ தோட்டத்தில், லயத்து வரிசையில் ஒற்றைக் காம்பறா, அதுவும் தோட்டத்துரைக்குச் சொந்தம். ஆகவே ஊர் கூடிப் பேசி, கடைசி வேலிக்கும் அப்பால், கடலைப் பார்த்தபடி ஒரு துண்டு மணலைக் காட்டிவிட்டது. யாருக்கும் வேண்டாத மணல். பூவரசங் கிளைகளை வெட்டிக் கதியால்களாக வரிசையாக நட்டு அவள் வேலி கட்டினாள். தேயிலை பட்டுப்போனது, கதியால்கள் மட்டும் துளிர்த்தன.

பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் நிலோஜன், அவனுக்கு ஐந்து வயது இளையவள் கலாஜினி. இராசதுரையைச் சாராயம் கொண்டுபோன பிறகு அவள் காத்தான்குடியில் ஆமினா உம்மா வீட்டில் மா இடிக்கவும் கூட்டிப் பெருக்கவும் போனாள். நான்தான் அந்த வீட்டைக் காட்டிக் கொடுத்தேன். காலையில் இருவரும் ஒன்றாகத்தான் நடப்போம்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. மாரி மழை இறங்கிவிட்டால் போதும், பிள்ளைகளை இழுத்து வைத்துக்கொண்டு ஒரே பாட்டுத்தான்.

"மண்ணு அசைஞ்சா ஓடக்கூடாது. ஓடுனா சறுக்கி விட்டுரும். தேயிலைத் தூரைக் கெட்டியாப் புடிச்சுக்கணும். அதோட வேரு ஆளு ஒசரத்துக்கு உள்ள போயிருக்கு, பேந்து வராது. என்ன வந்தாலும் கையை விடக்கூடாது."

சின்ன வயதில் மலை சரிந்தபோது அவள் உயிர் பிழைத்தது அப்படித்தானாம். ஓடிய அக்கா மண்ணுக்குள் போனாள், தூரைப் பிடித்த இவள் நின்றாள்.

"இஞ்ச எங்ககா மலை இரிக்கி சரியிறதுக்கு?" என்று நான் கேட்பேன்.

"தேயிலை இல்லாட்டி வேலியப் புடிச்சுக்கிருங்க," என்று அதையும் சொல்லி வைத்தாள் அந்த மடைச்சி. பிள்ளைகள் அதை விளையாட்டாக்கி, ஒருத்தி கதியாலைப் பிடிக்க மற்றவன் காலைப் பிடித்து இழுப்பான். கலாஜினி விட மாட்டாள். அவளின் பிடி பொல்லாத பிடி.

இரண்டாயிரத்து நாலு மார்கழியில் அந்த ஞாயிற்றுக்கிழமை காலை செவனம்மா ஆமினா உம்மா வீட்டில் இருந்தாள். நான் வாவிக்கரையில் மீன் பொறுக்கி எடுத்துக்கொண்டு நின்றேன். கடல் எழும்பி வந்து எங்கள் ஊரைத் துடைத்துவிட்டு வாவிக்குள் இறங்கியது. அதை விவரிக்க என்னைக் கேட்காதீர்கள். கண்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

கலாஜினியை மறுநாள் வாவிக்கரைக் கண்ணாப் பற்றைக்குள் எடுத்தோம். ஆமினா உம்மா வெள்ளைத் துணி கொடுத்தனுப்பினார். பிள்ளையைக் கழுவியவள் நான். இரண்டு கையாலும் ஒரு பூவரசங் கதியாலைப் பிடித்திருந்தாள். வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்த கதியால். விரல் ஒவ்வொன்றாகத் திறந்துதான் அதை எடுக்க வேண்டியிருந்தது. எடுத்துத் தண்ணீரில் எறிந்துவிட்டுத்தான் தாயைக் கூப்பிட்டேன்.

நிலோஜன் என் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா, நான் ஓடிவா ஓடிவா எண்டு கத்தினன். அம்மா புடிச்சு நிக்கச் சொன்னவ எண்டு சொல்லிப்போட்டு நிண்டாள். அம்மாக்குச் சொல்லிப்போடாதீங்க."

"சொல்ல மாட்டன் மனே," என்றேன். தலையில் அடித்துச் சத்தியமும் பண்ணிக் கொடுத்தேன். என் சத்தியத்தில் இடி விழ!

பிறகு தகரக் கொட்டில் வாழ்க்கை. என் கொட்டிலுக்கு அடுத்தது அவளுடையது. அவளுக்கு மிச்சம் அந்தப் பொடியன் ஒருவன்தான். அவனைக் காப்பாற்றி வைத்துக்கொள்வதைத் தவிர அவளுக்கு உலகத்தில் வேறு வேலை இல்லை. அரிசிக்கு வரிசையில் நின்றால் அவன் சேட்டின் நுனி அவள் கையில் இருக்கும். பள்ளிக்கூட வாசலில் காலையிலிருந்து மணியடிக்கும் வரை குந்தியிருப்பாள். மீசை அரும்பிய பொடியன் வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்தான். மற்றப் பொடியன்கள் "மடிப்பிள்ளை" என்று பழித்தார்கள். ஆனால் அது வீண் பயமில்லை. இரண்டாயிரத்தாறில் ஆயுதத்தோடு வந்து சண்டைக்குப் பிள்ளை பிடித்தார்கள். எந்தப் பக்கம் என்று கேட்காதீர்கள். அந்த வருசம் வந்தவர்கள் எல்லாரும் எங்கள் பாஷைதான் பேசினார்கள்.

அப்படியிருக்கும்போது ஒருநாள் தண்ணி கொண்டுவரும் பவுசர் லொறி வந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை. நான் விடியவே வாளி வைத்து இடம் பிடித்திருந்தேன். செவனம்மா ஒரு கையில் மகனையும் மறு கையில் குடத்தையும் பிடித்துக்கொண்டு வந்து, என் வாளியைக் காலால் தள்ளிவிட்டு முன்னுக்கு நின்றாள். எனக்கு வந்ததே கோபம்!

"என்னகா, உன்ட மகன் மட்டுந்தான் தண்ணி குடிப்பானோ? அவனை அவிழ்த்து விடன். மாட்டுக்குக் கூட இவ்வளவு கயிறு போடுறல்ல!"

அவள் திரும்பிப் பார்த்தாள். "ஒங்களுக்கு என்னா தெரியும்? பெத்தவளுக்குத்தான் தெரியும் அதோட வலி," என்றாள்.

எனக்குப் பிள்ளை இல்லை. பதினெட்டு வருசமாக மாமாங்கக் கோயிலிலிருந்து மண்டூர்க் கோயில் வரை நேர்ந்து அலுத்தவள் நான். ஊர் முழுக்க வரிசையில் நிற்க, அதைச் சொன்னாள். என் வாய் திறந்தது, மூடத் தெரியவில்லை.

"பெத்தவளோ? பெத்துப்போட்டுச் சாகடிச்சாய்! உன்ட பேச்சைக் கேட்டுத்தான்டி அந்தப் பிள்ளை கதியாலைப் பிடிச்சிட்டுச் செத்தது! தமையன் ஓடிவா எண்டு கத்த, அம்மா பிடிக்கச் சொன்னவ எண்டு நிண்டதாம். விரலைத் திறந்தெடுத்தவள் நான். ஓடியிருந்தா உசிரோட இருந்திருப்பாள். இவனையும் பிடிச்சுப் பிடிச்சுக் கொல்லு!"

நிலோஜன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் முதுகில் நிற்கிறது. செவனம்மா மகனின் கையை விட்டாள். குடத்தை என் வாளிக்குப் பின்னால் வைத்துவிட்டு நின்றாள். நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனேன். அன்று அந்தத் தண்ணீரில் சோறும் ஆக்கித் தின்றேன்.

அன்றிலிருந்து அவள் அவனைப் பிடிக்கவில்லை. பள்ளிக்கூட வாசலுக்குப் போகவில்லை. எங்கே போகிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. ஊர் என்னை மெச்சியது. "சின்னத்தங்கம் நாலு வார்த்தை சொன்னதாலதான் அவள் திருந்தினாள்," என்றார்கள். நானும் ஓம் என்று தலையாட்டினேன்.

ஒரு மாதம் கழித்து, பட்டப்பகலில் கன்ரர் லொறி ஒன்று கொட்டில்களின் வாசலில் வந்து நின்றது. துவக்கோடு ஏழெட்டுப் பேர் இறங்கினார்கள். பொடியன்கள் சிதறினார்கள். தாய்மார் விழுந்து பிடித்தார்கள். பக்கத்துக் கொட்டில் பூரணம் மகனின் இடுப்பைக் கட்டிக்கொண்டு மணலில் உருண்டாள். துவக்குப் பிடியால் அவள் தோளில் அடித்தார்கள், அவள் விடவில்லை. இழுத்துப் பார்த்துச் சலித்து, தூஷணத்தால் ஏசிவிட்டு அவனை விட்டுவிட்டார்கள். அப்படி அன்று மூன்று பிள்ளைகள் தப்பின.

நிலோஜன் தாயிடம்தான் ஓடிவந்தான். பதினாறு வயதுப் பிள்ளை, "அம்மா, என்னைப் பிடியுங்க" என்று அவள் கையை இறுக்கிப் பற்றிக்கொண்டான்.

"பிடிடி! விட்டிராத, பிடி!" என்று நான் என் வாசலில் நின்று கத்தினேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். "ஓடு சாமி. நிக்காத. ஓடிரு," என்று முதுகில் தள்ளினாள்.

அவன் ஓடினான். ஓடுகிறவனைத்தான் அவர்களுக்குப் பிடிக்கத் தெரியும். வாவிக்கரைக்குப் போகுமுன்னமே பிடித்துவிட்டார்கள். கன்ரரில் ஏற்றும்போது அவன் திரும்பித் தாயைப் பார்த்தான். அவள் இரண்டு கையையும் விரித்தபடி அதே இடத்தில் நின்றாள்.

அவனை வன்னியில் கண்டதாக ஒருவன் வந்து சொன்னான். அவ்வளவுதான் சேதி. சண்டை முடிந்துவிட்டதென்று இரண்டாயிரத்தொன்பது மே மாதம் சந்தியில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். வவுனியா முகாம்களில் பெயர் பார்க்க இருவரும் மூன்று முறை போனோம். தடுப்பு முகாமில் இருப்பவர்களின் பட்டியலில் இல்லை. செத்தவர்களுக்குப் பட்டியலே இல்லை.

மூன்றாம் முறை போய் வந்த மறுநாள் பின்னேரம் அவள் வீட்டு வாசலில் இருந்தேன். அவளின் தம்பி தோட்டத்திலிருந்து அனுப்புகிற தேயிலைத் தூளில் அவள் எனக்கு ஒவ்வொரு நாளும் பிளேன்ரீ ஊற்றித் தருவாள். அந்தப் பவுசர் நாளைப் பற்றி ஒரு சொல் அவள் பேசியதில்லை. அவள் ஏசியிருந்தால், மண் அள்ளித் தூற்றியிருந்தால், நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏன் புள்ள அண்டைக்கு அவன்ட கையை விட்டாய்?" என்று கேட்டேன். "பூரணம் பிடிச்சாளே. நான் கத்தினனே, பிடி பிடி எண்டு. உனக்குக் கேக்கல்லையா?"

அவள் வடியைக் கோப்பையின் மேல் வைத்து நிதானமாகத் தேத்தண்ணீரை ஊற்றினாள். கோபமே இல்லை அந்த முகத்தில். கோபம் இருக்கிறதா என்று நான் தேடித் தேடிப் பார்த்தேன்.

"கேட்டுச்சு அக்கா. ஆனா புடிச்சா செத்துப்போகும்னு நீங்கதானே முன்னாடி சொன்னீங்க," என்றாள். கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தாள். "ஆறிப்போகும், குடிங்க."